முரசில் வலியில்லாத சின்னக் கட்டி: வெட்டினால் போதுமா, பயொப்சி தேவையா?

மேல் முன்பற்களுக்கு இடையில், முரசில், குன்றிமணி அளவுக் கட்டி. வலி இல்லை, பிரஷ் பண்ணும்போது மட்டும் இரத்தம். பார்த்த டொக்டர் வெட்டிவிடலாம் என்கிறார், உங்களுக்கோ புற்றுநோய்ப் பயம், வெட்டிய துண்டை லாபில் சோதிக்கும் பயொப்சி தேவையா என்று. இதுதானே கேள்வி? நான் டொக்டர் இல்லை. ஆனால் அதே இடத்தில் வந்த கட்டியை இரண்டு தடவை வெட்டிக்கொண்டவள். (முரசு என்றால் இந்திய வாசகர்கள் போர் முரசை நினைக்க வேண்டாம், நீங்கள் ஈறு என்பதைத்தான் நாங்கள் இப்படிச் சொல்கிறோம்.)

முதலில் பயத்துக்குப் பதில். முரசில் மட்டும் இப்படி உருண்டு வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. பல்லடியில் இறுகிய காரை, ஓரம் பிசகிய ஃபில்லிங், உரசும் செட் பல் என்று ஏதோ ஒன்று மாதக்கணக்கில் அந்த இடத்தை உறுத்துகிறது. உடம்பு அதை ஆற்றப் பார்த்து, தேவைக்கு மேல் சதை வைத்துவிடுகிறது.

எனக்கு வந்தபோது வயது 27, கொழும்பில் வெள்ளவத்தையில் இருந்தோம். அம்மா உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார், பெரியம்மா கிராம்பு எண்ணெய் தடவச் சொன்னார். இரண்டு மாதம் இரண்டையும் செய்தேன், கட்டி அசையவில்லை. பிறகு வீட்டுக்குக் கிட்ட ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். விறைப்பு ஊசி போட்டுப் பத்து நிமிடத்தில் வெட்டிவிட்டார்கள். எக்ஸ்ரே இல்லை. பல்லைக் கிளீன் பண்ணவில்லை. வெட்டிய துண்டு, பஞ்சோடு பஞ்சாக என் கண் முன்னாலேயே குப்பை வாளிக்குள் போனது. அது எவ்வளவு பெரிய தவறு என்று அப்போது எனக்குத் தெரியாது. நாலு மாதத்தில் அதே இடத்தில், அதே அளவில் மறுபடி வந்துவிட்டது. என்ன கட்டி அது என்று சொல்ல யாரிடமும் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. அன்று இரவு நான் தூங்கவே இல்லை.

இரண்டாவது தடவை, வாட் பிளேஸில் இருக்கும் தேசிய பல் வைத்தியசாலைக்குப் போனேன். அரசாங்க ஆஸ்பத்திரி, காசு இல்லை, காலையிலேயே போய் ஓபிடியில் நம்பர் எடுக்க வேண்டும். அங்கே பார்த்த டொக்டர் கத்தியைத் தொடும் முன் நிறையக் கேள்வி கேட்டார். எவ்வளவு நாளாக இருக்கிறது, வேகமாக வளர்ந்ததா, கர்ப்பமா, என்ன மருந்து குடிக்கிறேன், வெற்றிலை போடுகிறேனா. விரலால் அழுத்திப் பார்த்தார், பல் ஆடுகிறதா பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார், அப்புறம் எக்ஸ்ரே.

ஏன் இவ்வளவு என்று கேட்டேன். பொறுமையாக விளக்கினார். சிவந்து, மெத்தென்று, தொட்டால் இரத்தம் வருவது பெரும்பாலும் பயோஜெனிக் கிரனுலோமா. 'பயோ' என்றால் சீழ், ஆனால் பெயரில் இருக்கிறதே தவிர, கட்டிக்குள் சீழ் இருக்காது. கர்ப்பிணிகளுக்கு ஹோர்மோன் மாற்றத்தால் வருவதும் இதுதான். என் சித்தியின் மகளுக்கு ஆறாம் மாதம் வந்தது. பல்லை மட்டும் கிளீன் பண்ணிவிட்டுக் காத்திருந்தார்கள், பிள்ளை பிறந்த பிறகு தானாகவே சுருங்கிவிட்டது. வெளிறி, இறுக்கமாக இருந்தால் நார்க்கட்டியாக இருக்கலாம். ஊதா நிறத்தில் இருந்தால் ஜயன்ட் செல் கிரனுலோமா என்ற வகையாக இருக்கலாம். அந்த முடிவு வந்தால் சிலருக்கு இரத்தத்தில் கல்சியமும், கழுத்திலுள்ள பாராதைரொய்ட் சுரப்பியின் ஹோர்மோனும் பார்ப்பார்கள், ஏனென்றால் அந்தச் சுரப்பியின் கோளாறும் தாடையில் அதே மாதிரிக் கட்டியைக் கொண்டுவரும். பல்லுக்குள் இருக்கும் நரம்பு செத்து, அதன் சீழ் முரசு வழியாக வெளியே வர வழி தேடினாலும் சின்னக் கொப்புளமாகத்தான் தெரியும். அதை வெட்டிப் பிரயோசனமில்லை, பல்லுக்குத்தான் வைத்தியம். இதற்காகத்தான் எக்ஸ்ரே.

இன்னொன்று, மருந்தால் வருவது. வலிப்புக்கான பெனிட்டொயின், பிரஷருக்கான நிபெடிபின், அம்லோடிபின், சிறுநீரகம் மாற்றியவர்கள் குடிக்கும் சைக்ளோஸ்போரின் ஆகியவற்றால் முரசு தடிக்கலாம். ஆனால் அது ஓரிடத்தில் குண்டாக வராது, பல பற்களைச் சுற்றிப் பரந்து வரும். அப்படி இருந்தால் மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருந்து தந்த டொக்டரிடம் சொல்லுங்கள், மாற்ற முடியுமா என்று அவர் பார்ப்பார்.

நிறத்தையும் இறுக்கத்தையும் வைத்து ஊகிக்கலாம், அவ்வளவுதான். முடிவு சொல்வது மைக்ரோஸ்கோப்.

சரி, அந்த ஒப்பரேஷன். ஊசி குத்தும்போது மட்டும் சுளீர் என்றது, பிறகு இழுப்பது மட்டும் தெரிந்தது. இந்தத் தடவை கட்டியின் அடியில் எலும்பை ஒட்டிய மெல்லிய படலம் வரை எடுத்தார்கள். முரசுக்குக் கீழே பல்லில் ஒளிந்திருந்த காரையையும் சுரண்டி எடுத்தார்கள். துண்டு, கெடாமல் வைக்கும் போமலின் திரவப் போத்தலுக்குள் போனது. போத்தலில் என் பெயர் எழுதியதைப் பார்த்தபோது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. புண்ணின் மேல் களிமண் மாதிரி ஒரு பசையை ஒட்டி ஒரு வாரம் வைத்திருக்கச் சொன்னார்கள். பனடோல் இரண்டு நாள் போதுமாக இருந்தது. முதல் நாள் சூடான தேநீர் வேண்டாம் என்றதுதான் எனக்குக் கஷ்டம்.

ரிப்போர்ட்டில் பெரிபெரல் ஒசிபையிங் பைபுரோமா என்று வந்தது. நாருக்குள் எலும்புத் துணிக்கை படியும் சாதுவான கட்டி. இளம் பெண்களுக்கு, மேல் முன்பல் பக்கத்தில்தான் அதிகம் வருமாம். மேலோட்டமாக வெட்டினால் திரும்பி வரும் சுபாவம் அதற்கு உண்டு என்றும் சொன்னார்கள். முதல் கிளினிக்கில் நடந்தது அப்போதுதான் விளங்கியது. இப்போது மூன்று வருடம், திரும்ப வரவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காட்டுகிறேன்.

இனி உங்கள் விஷயம். இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், காரணமில்லாமல் ஆடும் பல், உதட்டில் விறைப்பு, கழுத்தில் கட்டி, வேகமான வளர்ச்சி, இதில் ஒன்று இருந்தாலும் நாள் கடத்த வேண்டாம், நாளைக்கே போங்கள். வெற்றிலை, பாக்கு, புகையிலை பழக்கம் இருந்தால் இன்னும் அவசரம். நம் இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். நூல் கட்டி அறுக்கச் சொல்பவர்களை மட்டும் கிட்டச் சேர்க்காதீர்கள், இப்படியான கட்டிக்குள் இரத்தக் குழாய் நிறைய இருக்கலாம்.

இதெல்லாம் இல்லையென்றால் உங்கள் டொக்டரிடமே வெட்டலாம். ஆனால் ஊசி போடும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: "எக்ஸ்ரே எடுத்தீர்களா? துண்டை லாபுக்கு அனுப்புவீர்களா?" இரண்டாவதற்கு "தேவையில்லை" என்று பதில் வந்தால் நாற்காலியை விட்டு எழும்பிவிடுங்கள்.