கேள்வி - பதில்: வேலி போடாத லாக்ஸ்டன்

கேள்வி: இங்கிலாந்தின் பொதுவயல் விவசாயம் எப்போதோ ஒழிந்துவிட்டது என்று படித்தோம். இன்னும் ஒரு கிராமத்தில் நடக்கிறதாமே?

பதில்: நடக்கிறது. நாட்டிங்ஹாம்ஷயரில், ஆலர்ட்டனுக்கும் டக்ஸ்ஃபர்டுக்கும் பக்கத்தில் உள்ள லாக்ஸ்டன். மேற்கு வயல், மில் வயல், தெற்கு வயல் என மூன்று பெரும் வெளிகள். குத்தகைக் குடியானவர் ஒவ்வொருவருக்கும் மூன்றிலும் துண்டுகள் உண்டு. நிலம் இப்படிச் சிதறிக் கிடப்பதால் வயலில் வீடு கட்டிக் குடியிருந்து பயனில்லை. எனவே பண்ணை வீடுகள் ஊர்த் தெருவிலேயே நிற்கின்றன.

கேள்வி: ஒருவர் பங்கை ஒரே இடத்தில் கொடுத்திருக்கலாமே? துண்டுகள் ஏன் நீளநீளமாக இருக்கின்றன?

பதில்: நல்ல மண்ணும் நீர் தேங்கும் மண்ணும் எல்லோருக்கும் கிடைக்கட்டும் என்பதற்காக என்பார்கள். அது பாதிக் காரணம்தான். சுழற்சிதான் முக்கியம்: முதல் ஆண்டு குளிர்காலக் கோதுமை, அடுத்து பார்லி, பீன்ஸ் போன்ற வசந்தகாலப் பயிர், மூன்றாம் ஆண்டு வயல் முழுவதும் தரிசு. அந்தத் தரிசில்தான் முன்பு ஆடுகளை மேயவிட்டு எரு சேர்த்தார்கள். ஒருவரின் நிலமெல்லாம் ஒரே வயலில் இருந்தால், தரிசு வரும் ஆண்டில் அவர் பட்டினிதான்.

நீளத்துக்குக் காரணம் ஏர். கனத்த களிமண்ணில் பல எருதுகள் பூட்டிய கலப்பையைத் திருப்புவது பெரும்பாடு. எத்தனை குறைவாகத் திருப்புகிறோமோ அத்தனை நல்லது. 220 கஜம் நீளம், 22 கஜம் அகலம் என்றால் ஒரு ஏக்கர். நம் பத்திரங்களில் 100 சென்ட் என்று எழுதும் அதே 43,560 சதுர அடி. இன்று போனால் பழைய மெல்லிய துண்டுகளைப் பார்க்க முடியாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலவற்றை ஒன்றுசேர்த்து அகலமாக்கிவிட்டார்கள்.

கேள்வி: வேலியும் இல்லை, வரப்பும் இல்லை. சண்டை வராதா?

பதில்: ஆண்டுக்கு ஒரு சால் தள்ளி உழுதால் போதும், பொதுப்பாதையே காணாமல் போய்விடும்! அதற்காகத்தான் 12 பேர் கொண்ட ஜூரி. நவம்பர் கடைசி வாக்கில், புதிதாகக் கோதுமை விதைத்த வயலை மட்டும் நடந்து பார்ப்பார்கள். எல்லை மங்கிய இடத்தில் முளை அடிப்பார்கள். பாதையையோ, உழ முடியாத ஈரப் பள்ளங்களில் விட்டுவைத்த 'சைக்' என்னும் புல்தரையையோ உழுதவர், வடிகாலைத் தூர்வாராதவர் பெயர்கள் குறிக்கப்படும். ஒரு வாரம் கழித்து 'கோர்ட் லீட்' என்னும் பழங்கால ஊர் மன்றம் கூடி அபராதம் விதிக்கும். தொகை அற்பம், ஊரார் முன் பெயர் வாசிக்கப்படுவதுதான் உறைக்கும். 1977-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய பழைய மன்றங்களின் அதிகாரத்தைப் பறித்தபோதும் லாக்ஸ்டனுக்கு விலக்கு கிடைத்தது.

கேள்வி: மற்ற ஊர்களில் வேலியடைப்பு (சிதறிய துண்டுகளை ஒன்றுசேர்த்து, வேலியிட்டுத் தனித்தனி நிலமாக்குவது) வந்தபோது இது மட்டும் எப்படித் தப்பியது?

பதில்: தொலைநோக்கு எல்லாம் இல்லை. மேன்வர்ஸ் பிரபு, ஸ்கார்பரோ பிரபு என்ற இரு நிலக்கிழார்களுக்குள் நிலமாற்றத்தில் உடன்பாடு ஏற்படவில்லை. வேலியடைப்புக்குச் செலவும் அதிகம். 1952-இல் வேளாண் அமைச்சகம் வாங்கியது. 1981-இல் அரச எஸ்டேட்டுக்குப் போனது. 2020-இல் தோர்ஸ்பி எஸ்டேட் வாங்கியது. அது மேன்வர்ஸ் வம்சத்தின் பழைய சொத்து. ஒவ்வொரு துண்டையும் காட்டும் 1635-ஆம் ஆண்டு வரைபடம் ஆக்ஸ்ஃபர்டின் பாட்லியன் நூலகத்தில் உள்ளது. மார்க் பியர்ஸ் வரைந்தது. வரையச் சொன்ன சர் வில்லியம் கோர்ட்டன், அதே ஆண்டு இந்திய வணிகத்துக்கும் மன்னரிடம் உரிமம் வாங்கிக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வயிற்றில் புளியைக் கரைத்தவர்.