ஸ்கிரீனிங்கில் சொல்லாததை இனிச் சொல்லலாமா?

கேள்வி: தம்பி லண்டனில் அசைலம் (அகதித் தஞ்சம்) கேட்டிருக்கிறான். ஸ்கிரீனிங் இன்டர்வியூவில், அதாவது முதலில் நடக்கும் சுருக்கமான விசாரணையில், ஊரில் தன்னை ஒருமுறைதான் பிடித்துவைத்தார்கள் என்று சொல்லிவிட்டான். உண்மையில் இரண்டு தரம். இரண்டாம் தரம் நடந்ததை வீட்டில்கூட அவன் சொன்னதில்லை. இப்போது முழுக்கதையும் கேட்கும் பெரிய இன்டர்வியூவுக்குக் கடிதம் வந்திருக்கிறது. கேஸ் எழுதித் தரும் ஒருவர், “முதல் சொன்னதையே பிடித்துக்கொள், மாற்றினால் கேஸ் போச்சு” என்கிறார். என்ன செய்வது?

பதில்: உண்மையைச் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் இன்டர்வியூ அறையில் திடீரென்று சொல்லக் கூடாது. அதற்கு முன்பே சொலிசிட்டர் (சட்டத்தரணி) மூலம் எழுத்தில் போக வேண்டும்: அன்று என்ன சொன்னேன், உண்மை என்ன, ஏன் அப்போது சொல்லவில்லை. ஸ்கிரீனிங் பதிவின் பிரதியை வரிவரியாக வாசியுங்கள். திகதி, ஊர்ப்பெயர் பிழைத்திருந்தால் அதையும் அதே கடிதத்தில் திருத்திவிடுங்கள்.

ஸ்கிரீனிங் முழுக்கதை சொல்லும் இடமல்ல. அதிகாரியே “சுருக்கமாகச் சொல்லுங்கள்” என்பார். பிறகு நிராகரிப்புக் கடிதத்தில், “இதை அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?” என்று ஒரு பந்தி வரும். இந்தச் சீத்துவத்தில்தான் இங்கே எல்லாம் நடக்கிறது. அதனால் காரணத்தை நீங்களே முந்திக்கொண்டு எழுதுவது நல்லது.

வீட்டில்கூடச் சொல்லவில்லை என்கிறீர்களே, அதைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது சித்திரவதையோ பாலியல் வதையோ என்றால், பிந்திச் சொன்னதற்கே அது காரணமாகலாம். ஆண்களுக்கும் இது நடந்திருக்கிறது. அவர்கள் இன்னும் பிந்தித்தான் வாய் திறப்பார்கள். ஆண் அதிகாரியா பெண் அதிகாரியா, மொழிபெயர்ப்பாளர் யார் என்பதை முன்கூட்டியே கேட்கலாம். உடம்பில் தழும்பு இருந்தால் சித்திரவதைக் காயங்களில் பழகிய மருத்துவரின் அறிக்கை எடுக்கலாம். அத்தகைய அறிக்கையின் பெறுமதியை 2019இல் இங்குள்ள உச்ச நீதிமன்றமே ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில் தெளிவாக்கியது. தம்பி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, வற்புறுத்தாதீர்கள். சொலிசிட்டருக்குச் சொன்னால் போதும்.

அப்புறம் அந்தக் கேஸ் எழுதுகிறவர். இவர்கள் எழுதும் கதை ஒன்றுதான். பேரும் ஊரும் மாறும். ஆளைக் கடத்திய அதே வெள்ளை வான், அதே முகாம், அதே மாமா காசு கட்டி எடுத்தது. எத்தனையோ ஃபைல் வாசிக்கிற அதிகாரிக்கு அது தெரியாதா? கூடவே ஜேபி (சமாதான நீதவான்) கடிதம், பொலிஸ் அழைப்பாணை என்று விலைக்கு வாங்கித் தருவார்கள். அதிகாரியை ஏமாற்றப் பார்த்தால் நம்பகத்தன்மை குறையும் என்று அசைலம் பற்றிய 2004ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. மாட்டுவது தம்பி, அவரல்ல. பதிவில்லாமல் குடிவரவு ஆலோசனை சொல்வதே இங்கே குற்றம். ஒன்று சொலிசிட்டர் போன்ற தகுதிபெற்ற சட்டத்தரணியாக இருக்க வேண்டும், அல்லது குடிவரவு ஆலோசகர்களைப் பதிவுசெய்யும் இமிகிரேஷன் அட்வைஸ் அத்தோரிட்டியில் பெயர் இருக்க வேண்டும். இணையத்தில் தேடிப் பாருங்கள்.

காசில்லாவிட்டால் லீகல் எய்ட், அதாவது அரசு செலவில் சட்ட உதவி, இருக்கிறது. ஆனால் அதில் கேஸ் எடுக்கிற சொலிசிட்டரைப் பிடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிடும். இன்றைக்கே போன் அடிக்கத் தொடங்குங்கள், வேறு நகரமானாலும் பரவாயில்லை. இன்டர்வியூவுக்குள் யாரும் கிடைக்காவிட்டால் திகதியைத் தள்ளச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தம்பி போகத்தான் வேண்டும். சொல்லாமல் போகாது விட்டால் கோரிக்கையைக் கைவிட்டதாக எடுத்துவிடுவார்கள்.