பால் தோயாத நாளும் பேஜ் கணக்கும்

கேள்வி: மன்னார்குடி பக்கம் தினம் 200 லிட்டர் பாலில் தயிர் போட்டு மெஸ்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் கொடுக்கிறேன். கல்ச்சர் பாக்கெட் வாங்கி முதல் நாள் உறை ஊற்றுவேன். அப்புறம் பத்துப் பதினைந்து நாள் முந்தின நாள் தயிரே உறை. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே ஒருநாள் பால் தோயாமல் நிற்கிறது. பழைய தயிர் பாதி, புதுப் பாக்கெட் பாதி என்று கலந்து பார்த்தேன். நாலு நாள் சரியாகி, மறுபடி அதே கதை. என் மகன் தஞ்சாவூரில் கணிதம் படிக்கிறான். பாக்டீரியாவுக்கும் நோய் எதிர்ப்பு சக்தி உண்டு, வைரஸோடு அது போடும் சண்டைக்குச் சமன்பாடு இருக்கிறது என்கிறான். அந்தக் கணக்கை வைத்து, எத்தனை நாளுக்கு ஒருமுறை கல்ச்சரை மாற்றவேண்டும் என்று சொல்ல முடியுமா?

பதில்: சொல்ல முடியும். ஆனால் அந்த எண் காலண்டரில் இல்லை. நீங்கள் பாத்திரம் கழுவுகிற விதத்தில் இருக்கிறது.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். மாட்டுக்கு மடிநோய் ஊசி போட்ட பால் கலந்திருந்தாலும் தயிர் தோயாது. எது காரணம் என்று வீட்டிலேயே பார்க்கலாம். நன்றாகத் தோயும் என்று தெரிந்த பாலை மூன்று டம்ளரில் எடுத்து, நீங்கள் பயன்படுத்தும் அதே கல்ச்சரை ஊற்றுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் தோயாமல் போன தயிரின் தண்ணீரை ஒரு ஸ்பூன் விடுங்கள். மூன்றாவதில் அதே தண்ணீரைக் கால் மணி நேரம் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, ஒரு ஸ்பூன் விடுங்கள். இரண்டாவது மட்டும் தோயவில்லை என்றால் பேஜ்தான், அதாவது பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ். மூன்றும் தோய்ந்தால் மருந்தையோ சூட்டையோ சந்தேகப்படுங்கள். மருந்து ஒரு ஸ்பூன் அளவில் கரைந்து வலு இழந்துவிடும். பேஜ் அப்படியில்லை, ஒரு சொட்டு போதும், பெருகிக்கொள்ளும். புதுக் கல்ச்சர் போட்டதும் நாலு நாள் சரியாகி மறுபடி கெடுவதைப் பார்த்தால், எனக்கு பேஜ் மேல்தான் சந்தேகம்.

உங்கள் மகன் சொன்னது உண்மை. அந்த எதிர்ப்பு சக்தியின் பெயர் கிரிஸ்பர். கிரிஸ்பர் என்றாலே இப்போது மரபணுத் திருத்தமும் 2020 நோபல் பரிசும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அது பாக்டீரியாவின் எதிர்ப்பு சக்தி என்று 2007-ல் சோதனையில் காட்டியவர்கள் பால் கல்ச்சர் தயாரிக்கும் டானிஸ்கோ நிறுவனத்தின் ரொடோல்ஃப் பாரங்கூ, பிலிப் ஹோர்வாத் குழுவினர். அவர்கள் எடுத்துக்கொண்டது தயிர்க் கல்ச்சர்கள் பலவற்றில் இருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் பாக்டீரியாதான். பேஜ் தாக்கியும் பிழைத்த பாக்டீரியா, அந்த பேஜின் மரபணுவிலிருந்து சுமார் 30 டிஎன்ஏ எழுத்து நீளத் துண்டு ஒன்றை வெட்டித் தன் மரபணுவில் செருகிக்கொள்கிறது. போலீஸ் ஸ்டேஷனில் ஒட்டிவைக்கும் போட்டோ மாதிரி. அடுத்த முறை அதே பேஜ் உள்ளே வந்தால் அடையாளம் கண்டு துண்டாக்கிவிடும். பேஜும் சும்மா இருப்பதில்லை. அந்த 30 எழுத்தில் சரியான இடத்தில் ஒரே ஒரு எழுத்து மாறினால் போதும், போட்டோவோடு முகம் பொருந்தாது.

இங்கேதான் கணக்கு வருகிறது. 1977-ல் புரூஸ் லெவின் குழு எழுதிய பேஜ் சமன்பாடுகள் புலி-மான் கணக்கின் சாயலில் இருந்தன: மான் பெருகினால் புலி பெருகும், புலி பெருகினால் மான் குறையும். பின்னால் வந்த கணித மாதிரிகளில் மானுக்கு நினைவும் புலிக்கு மாறுவேடமும் சேர்ந்தன. லாரன் சைல்ட்ஸ், ஜோஷுவா வைட்ஸ் குழுவின் 2012 மாதிரியில் ஒவ்வொரு பாக்டீரியா வகைக்கும் அதனிடம் உள்ள போட்டோக்களின் பட்டியலே அடையாளம். ஒரு வகை தலையெடுக்கும், அதைத் தின்னத் தெரிந்த பேஜ் பெருகும், அந்த வகை விழும், இன்னொன்று எழும்.

உங்கள் கேஸுக்கு எண்களைப் போட்டுப் பார்ப்போம். ஒரு பேஜ் பிரதி எடுக்கும்போது ஒரு போட்டோவிலிருந்து தப்பும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். கெட்டுப்போன தயிர்த் தண்ணீரில் ஒரு மில்லிக்குப் பத்துக் கோடி பேஜ் இருப்பது அதிசயமில்லை. அப்படியானால் ஒரே மில்லியில் தப்பத் தெரிந்தவை 100. ஒரே நேரத்தில் இரண்டு போட்டோக்களிலிருந்து தப்பவேண்டும் என்றால் லட்சம் கோடியில் ஒன்று. கஷ்டம்தான், ஆனாலும் உங்கள் 200 லிட்டரில் அப்படி 20 தேறும். மூன்று போட்டோ என்றால் ஒரு கோடி லிட்டரில் ஒன்று. உங்கள் உற்பத்தியில் அது 50,000 நாள், 130 வருஷத்துக்கு மேல்.

ஆனால் இதில் ஒரு வழுக்கல் இருக்கிறது. மூன்று போட்டோவும் ஒரே பாக்டீரியாவிடம் இருந்தால்தான், அதாவது மூன்று பூட்டும் ஒரே கதவில் ஒன்றாகத் தொங்கினால்தான் இந்தக் கணக்கு. ஒரு பூட்டு மட்டும் உள்ள பாக்டீரியா பக்கத்திலேயே இருந்தால் பேஜ் அதை உடைத்து, அங்கே கோடிக்கணக்கில் பெருகி, பிறகு இரண்டு பூட்டு உள்ளதிடம் போகும். பத்து லட்சத்தில் ஒன்று என்ற சின்னப் படிகளாக ஏறிவிடும்.

நீங்கள் செய்த பாதிப் பாதி இந்த ஏணியைத்தான் போட்டுக்கொடுத்தது. பழைய தயிரில் பேஜும் இருந்தது, தாக்குதலில் பிழைத்துப் போட்டோ எடுத்துக்கொண்ட சில பாக்டீரியாவும் இருந்தன. அதில் எந்தப் போட்டோவும் இல்லாத புதுப் பாக்கெட்டைக் கொட்டினீர்கள். எல்லா பாக்டீரியாவும் தடுப்புள்ளவை என்றால் பேஜுக்குப் பெருகவே இடமில்லை. எல்லாம் தடுப்பில்லாதவை என்றால் அது மாறவேண்டிய அவசியமே இல்லை. பாதி இப்படி, பாதி அப்படி என்னும்போதுதான் ஒரு பக்கம் பெருகிப் பெருகி லாட்டரிச் சீட்டு வாங்குகிறது, இன்னொரு பக்கம் பரிசு அடிக்கிறது. தப்பிக்கும் பேஜ் கிளம்ப மிக வசதியான நிலை இந்த நடு அளவுதான் என்று 2018-ல் ஒரு குழு சமன்பாட்டிலும் ஆய்வுக்கூடத்திலும் காட்டியது. ஆகவே மாற்றினால் முழுசாக மாற்றுங்கள். முந்தின நாள் தயிர் ஒரு கரண்டிகூட வேண்டாம்.

அப்படியென்றால் வீட்டு உறைமோர் மட்டும் எப்படி வருஷக்கணக்கில் ஓடுகிறது என்று கேட்பீர்கள். அதுவும் கலவைதான், ஆனால் வேறு மாதிரிக் கலவை. அதில் பல வகை பாக்டீரியா, ஒவ்வொன்றின் தடுப்பும் வேறு. ஒன்றை உடைத்த பேஜுக்கு அடுத்ததில் சாவு, ஏனென்றால் தடுப்புள்ள பாக்டீரியா பேஜை உள்ளே வாங்கி அழித்துவிடும். ஒரு பேஜ் புகுந்த பாக்டீரியா வெடித்தால் நூறு குட்டிப் பேஜ் வருகிறது என்றால், நூறில் 99 அழிந்தால்தான் பெருக்கம் நிற்கும். தடுப்பு பலவிதமாக இருந்தால் இந்த அளவு சாத்தியம் என்று 2016-ல் சோதனையே நடந்தது: ஒரே போட்டோ உள்ள கூட்டத்தை பேஜ் உடைத்தது, வெவ்வேறு போட்டோ உள்ள கூட்டத்தில் பேஜே அற்றுப்போனது. அது போக, நம் வீடுகளில் தயிர் சரியாக வராவிட்டால் பக்கத்து வீட்டில் உறை வாங்குவோம். கல்ச்சரை முறைவைத்து மாற்றுவது என்று நாங்கள் சொல்வது இதைத்தான். (விளக்கு வைத்த பிறகு தயிர் தரமாட்டேன் என்று சொல்லும் பாட்டிகள் இந்த ஏற்பாட்டுக்குக் கொஞ்சம் இடைஞ்சல்.)

பாக்கெட் கல்ச்சரில் வகை சிலவே. வயல்காரர்களுக்கு இது புரியும். 1973-ல் வந்த ஐஆர் 26 நெல்லுக்குப் புகையான் பூச்சியை எதிர்க்கும் மரபணு ஒன்று இருந்தது. பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் பரவலாகப் போட்டார்கள். சில வருஷத்திலேயே புகையான் அதற்குப் பழகிவிட்டது. ஆனால் மெஸ்காரருக்குத் தினமும் ஒரே ருசி வேண்டும், அதனால் வீட்டு உறைக்குத் திரும்புங்கள் என்று உங்களிடம் சொல்லமாட்டேன். ருசி ஒன்றாகவும் பேஜ் தாக்கம் வேறாகவும் உள்ள இரண்டு மூன்று கல்ச்சர்களை ஒரு செட்டாகத் தருவார்கள். உங்கள் சப்ளையரிடம் அப்படிக் கேட்டு வாங்குங்கள். வேறு லேபிள் ஒட்டிய அதே சரக்காகவும் இருக்கலாம். இப்போதைய கல்ச்சர் ‘அ’, அடுத்தது ‘ஆ’ என்று வைத்துக்கொண்டு, முதலில் சொன்ன டம்ளர் சோதனையில், ‘அ’ கெட்ட தண்ணீரை ‘ஆ’வில் விட்டுப் பாருங்கள். தோய்ந்தால் அது உண்மையிலேயே வேறு.

இனி நாள் கணக்கு. ‘அ’ கல்ச்சரை நிறுத்திவிட்டால் ‘அ’வைத் தின்னும் பேஜுக்குச் சாப்பாடு இல்லை. இனி அது கழுவக் கழுவக் குறையத்தான் முடியும். கெட்ட நாளில் கூடத்தில் 100 கோடி பேஜ் தங்கியிருக்கிறது என்று வைப்போம். தினசரிக் கழுவலில் பத்தில் ஒன்று மிஞ்சினால் ஒன்பது நாளில் ஒன்றுக்கு வரும். நூறில் ஒன்று மிஞ்சினால் ஐந்து நாள். பாதி மிஞ்சினால் முப்பது நாள். ‘அ’வை மறுபடி எடுக்க இத்தனை நாள் காத்திருக்கவேண்டும். நான் என்றால் இதை இரட்டிப்பாக்குவேன், ஏனென்றால் சாக்கடை வாயிலும் குழாய் வாஷரிலும் ஒளிந்திருப்பது சராசரிக் கணக்கில் வராது.

கழுவும்போது முதலில் பால் பிசுக்கு போகச் சோப்புக் கரைசல், அப்புறம் குளோரின். பிசுக்கின் மேல் குளோரின் ஊற்றினால் அது பிசுக்கோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும். தயிர்த் தண்ணீரை உறை ஊற்றும் அறையில் கொட்டவே கூடாது. தெறிக்கும் திவலையிலேயே பேஜ் பரவும். முந்தின நாள் தயிரை உறையாக்குவதை மூன்று நான்கு நாளோடு நிறுத்துங்கள். பாக்கெட் செலவு கூடும், ஆனால் 200 லிட்டர் பால் ஒருநாள் வீணாவதை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

உங்கள் மகனுக்கு ஒரு வேலை. தினமும் உறை ஊற்றிய நேரத்தையும் தோய்ந்த நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதி வரைபடம் போடச் சொல்லுங்கள். பால் முழுசாகத் தோயாமல் போவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே அரை மணி, முக்கால் மணி தாமதம் தெரியும். அதே சூடு, அதே பால் என்றும் கோடு மேலே ஏறினால், கெடும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே ‘ஆ’வுக்கு மாறிவிடுங்கள்.