பிள்ளைகளின் படிப்பைத் தீர்மானிப்பது வீடா, பள்ளியா?

வீட்டின் கைதான் ஓங்கியிருக்கிறது என்பேன். அமெரிக்காவில் 1966இல் வெளியான கோல்மன் அறிக்கை என்ற கல்வி ஆய்வும், மதிப்பெண் வேறுபாட்டில் பள்ளி வசதிகளைவிடக் குடும்பப் பின்னணிக்கே அதிகப் பங்கு என்றது. உதாரணத்துக்கு, மதுரையை அடுத்த திருமங்கலம் பக்கம் மல்லிகையை மொட்டு விரிவதற்குள் பறித்தாக வேண்டும். விடியுமுன் தோட்டத்துக்குப் போகும் தாய் எப்போது அடுப்பு மூட்டுவார்? வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைக்கு முதல் பாடவேளை வீண். இதைப் பெற்றோரின் அக்கறைக் குறைவு என்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான். அந்தப் பெற்றோரிடம் இல்லாதது நேரம்.

பள்ளிக் கொள்கை நுழைய வேண்டிய இடம் அதுவே. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அந்தக் குறையை நேராகத் தொடுகிறது. வீட்டுப்பாடம் இதற்கு நேர்மாறு: சொல்லித்தர ஆளில்லாத வீட்டுக்கு அதைக் கொடுத்தனுப்பினால் இடைவெளி கூடத்தான் செய்யும். மாலையில் பள்ளியிலேயே முடிக்கவைத்து அனுப்பலாம்.