சாம்பல் கலந்த சிமென்ட் கலப்படமா?

காட்பாடியில் வீடு கட்டுகிறோம், சாம்பல் கலந்த சிமென்ட் வேண்டாம் என்கிறார் மேஸ்திரி, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கலப்படம் இல்லைங்க. மூட்டையில் பி.பி.சி. (லண்டன் வானொலி அல்ல, போர்ட்லேண்ட் பொசோலானா சிமென்ட், அதாவது சாம்பல் கலந்த வகை!) என்றிருந்தால், அனல்மின் நிலையச் சாம்பல் 15 முதல் 35 சதவீதம் வரை சேர்க்க இந்தியத் தரவிதியே இடம் தருகிறது. சிமென்ட் தண்ணீரோடு சேரும்போது சுண்ணாம்பு மிஞ்சும். சாம்பலிலுள்ள சிலிக்கா அதோடு வினைபுரிந்து புதிய பசையாகி நுண்துளைகளை அடைக்கும். உப்புநீர் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிவரை இறங்குவது குறையும். நிலத்தடி நீர் உப்பேறிய இடமென்றால் இரும்பாலைக் கசடு கலந்த சிமென்ட் இன்னும் பொருத்தம்.

மேஸ்திரி பயத்திலும் நியாயம் உண்டு. ஆரம்ப வலு மெதுவாகத்தான் ஏறும். வேலூர் வெயிலுக்கு 10 நாளாவது தண்ணீர் விடணும், 14 நாள் என்றால் நல்லது. தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீரைத் தேக்கி வையுங்கள். முட்டு பிரிக்க அவசரப்படாதீர்கள். சூளைச் சாம்பலை அள்ளிவந்து நீங்களே கலக்க மட்டும் கிளம்பிவிடாதீர்கள்.