கல்லுக்கால் மேல உக்காந்திருக்கிற வெள்ளைக்கண் பருந்து கோழிக்குஞ்சைத் தூக்குமா?

கேள்வி: வணக்கம் சார். அரூர் பக்கம் ஒண்ணரை ஏக்கர் மானாவாரி நிலக்கடலை போட்டிருக்கேன், வீட்டோட சிறுவிடைக் கோழியும் வளக்கிறோம். மூணு வாரத்துல 11 குஞ்சு போச்சு. எட்டு பகல்ல காணோம், மூணு ஒரே ராத்திரில கூண்டுக்குள்ளயே தலை கடிபட்டுக் கிடந்துச்சு. வேலி ஓரக் கல்லுக்கால் மேல ஒரு பருந்து தினமும் மணிக்கணக்கா உக்காந்திருக்கு, கண்ணு வெள்ளையா இருக்கு, பக்கத்துல போனாலும் சட்டுனு பறக்க மாட்டேங்குது. ஊர்ல எல்லாரும் வைரி அதுதான்னு சொல்றாங்க. கறித்துண்டுல குருணை மருந்து (வயல்ல பூச்சிக்குப் போடுற விசம்) தடவி கல்லுக்கால் மேல வெச்சுரலாமா?

பதில்: அண்ணே, மொதல்ல அந்தக் குருணை மருந்து யோசனைய விட்டுருங்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல வர்ற பறவை அது, கேஸ் ஆயிடும்ங்கிறது ஒரு பக்கம், அந்தக் கறி கீழ விழுந்தா உங்க நாயும் உங்க கோழியுமே தின்னு செத்துக் கிடக்கும், இது நான் பயமுறுத்த சொல்றது இல்ல, கண்ணால பாத்திருக்கேன்.

இப்ப ஆளு யாருன்னு பாப்போம். நீங்க சொல்ற அடையாளத்துக்கு அது வெள்ளைக்கண் வைரி மாதிரிதான் தெரியுது. பழுப்பு உடம்பு, தொண்டை வெள்ளை, அந்த வெள்ளைல நடுவுல ஒரு கறுப்புக் கோடு மேலருந்து கீழ இறங்கும், வால் செம்மண் நிறம். கோடு இருக்கான்னு ஒருக்கா பாருங்க, இருந்தா சந்தேகமே இல்ல. கொக்கு மாதிரி பெருசா தெரிஞ்சாலும் எடை என்னவோ கால் கிலோவுக்கு மேல கொஞ்சம்தான் வரும். கொழப்பம் எங்க வருதுன்னா நம்ம ஊர்ல வல்லூறுன்னு இன்னொரு வேட்டைப் பறவை இருக்கு, அதையும் வைரின்னுதான் கூப்பிடுறாங்க, அவன் பண்ற திருட்டுக்கு இவன் பேரு கெடுது.

இது வேட்டையாடுற விதமே வேற. சோம்பேறின்னு சொல்லலாம். வேலிக்கம்பம், பட்டமரம், கரண்டு கம்பம், இப்படித் தாழ்வா ஒரு இடத்துல உக்காந்துக்கிட்டுத் தரையவே பாத்துட்டு இருக்கும், புல்லுக்குள்ள ஏதாவது அசைஞ்சா அப்படியே சாஞ்சு இறங்கி கால்ல அமுக்கும், சில நேரம் தரையிலயே நடந்து நடந்து பொறுக்கும். அதோட சாப்பாடு பெரும்பாலும் வெட்டுக்கிளி, பாச்சை, ஓணான், அரணை, சுண்டெலி, தவளை, சின்னப் பாம்பு. பறந்துட்டு ஓடுற இரையத் துரத்திப் பிடிக்கிற சுறுசுறுப்பு அதுகிட்ட கம்மி. தாயோட மேயுற குஞ்சைத் தூக்குறது அதோட தொழில் இல்ல. பொரிஞ்சு ரெண்டு நாள் ஆன குஞ்சு தனியா அதுக்கு நேர் கீழ வந்து நின்னா எடுக்கவே எடுக்காதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா எட்டு குஞ்சுக் கணக்க அது தலைல கட்டாதீங்க.

என் பேச்ச நம்ப வேண்டாம், நீங்களே பாத்துருங்க. அந்தக் கல்லுக்காலுக்கு அடியில வெள்ளைவெள்ளையா எச்சம் விழுந்திருக்கும், அதுக்குப் பக்கத்துல கட்டைவிரல் தண்டிக்கு சாம்பல் நிறத்துல காஞ்ச உருண்டை ஏதாவது கிடக்குதான்னு தேடுங்க. செரிக்காததை அது திரும்பக் கக்கிப் போடும். போன வருசம் ஒரு கொள்ளுக்காட்டு ஓரத்துல நான் ஒண்ணை எடுத்துத் தண்ணில நனைச்சு குச்சியால பிரிச்சுப் பாத்தேன், முழுக்க வெட்டுக்கிளியோட பின்னங்கால், ரம்பம் மாதிரி முள்ளு முள்ளா, நடுவுல எலி மயிர் ஒரு கொத்து, பளபளன்னு வண்டு ஓடு. எலும்பு பெருசா இருக்காது, ஆந்தை உருண்டைலதான் எலும்பு முழுசா இருக்கும், பகல் பருந்துங்களுக்கு எலும்பும் பாதி செரிச்சிரும். ஆனா இறகு, தூவி செரிக்காது, அது தெரிஞ்சிரும்.

அப்ப பகல்ல தூக்குறது யாரு? வல்லூறா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். புறா சைஸ்தான், முதுகு சாம்பல், நெஞ்சுல செம்பழுப்பு வரி வரியா, கண்ணு செவப்பு. அது கல்லுக்கால்ல உக்காந்து உங்களுக்குக் காட்சி குடுக்காது, வேப்பமரத்து இலைக்குள்ள ஒளிஞ்சிருந்து தாழ்வா அம்பு மாதிரி வந்து ஒரு நொடில எடுத்துட்டு மறுபடி மரத்துக்குள்ள போயிரும். தாய்க்கோழி கத்தி நீங்க திரும்பிப் பாக்குறதுக்குள்ள வேலை முடிஞ்சிருக்கும், அப்ப கண்ணுக்குப் படுறது கல்லுக்கால்ல தேமேன்னு இருக்கிறவன் மட்டும்தான். வால் நடுவுல பிளவு இருந்து மேல வட்டமடிச்சா அது சாதாரணப் பருந்து, அதுவும் தூக்கும். காக்காவும் லேசுப்பட்டது இல்ல. கீரியும் பகல்லதான் திரியும்.

ராத்திரி செத்த மூணும் பறவைக் கணக்கே இல்லண்ணே. கூண்டுக்குள்ள புகுந்து தலையக் கடிச்சது பெருச்சாளியோ மரநாயோதான்.

குஞ்சு ஆறேழு வாரம் ஆகுற வரைக்கும் திறந்தவெளில விடாதீங்க. பஞ்சாரத்துல கவுத்து வைங்க, இல்லன்னா பழைய மீன்வலைய நாலு கம்பு நட்டு மேல விரிச்சு அதுக்கடியில தாயோட மேய விடுங்க. ஒரு அவரைப் பந்தலோ பீர்க்கன் பந்தலோ இருந்தா இன்னும் நல்லது, நிழலும் ஆச்சு, வல்லூறுக்குப் பாயற வழியும் அடைபடும். ரெண்டு கின்னிக்கோழி சேத்து வளத்தா மேல நிழலாடுனாலே ஊரக் கூட்டிரும், சத்தம் தாங்குமான்னு வீட்டுல கேட்டுக்கோங்க. சிடி தொங்க விடுறதெல்லாம் நாலு நாள்தான் வேலை செய்யும்.

உங்க வெள்ளைக்கண்ணன் கடலைக்காட்டுக்கு சம்பளம் இல்லாத ஆளு. கடலை காய் பிடிக்கிற நேரத்துல எலி வந்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். டி வடிவத்துல குச்சி கட்டி ஏக்கருக்கு ஒரு 20 நட்டு விடுங்க, பகல்ல இதுவும் கரிச்சானும் உக்காரும், ராத்திரி ஆந்தை வரும். புரோமடியோலோன்ங்கிற எலி விசக் கட்டி வெக்கிறதா இருந்தா யோசிச்சு வைங்க, அதைத் தின்ன எலி உடனே சாகாது, சில நாள் மயங்கி மயங்கி வெளிய திரியும், அதைத்தான் இந்தப் பறவை சுலபமாப் பிடிக்கும், விசம் அதுக்கும் ஏறும். வெட்டுக்கிளிக்கு அடிக்கிற மருந்தும் அப்படித்தான். 1995-96ல அர்ஜென்டினாவுல மோனோகுரோட்டோபாஸ் அடிச்ச வயல்ல வெட்டுக்கிளி தின்ன ஸ்வெயின்சன் பருந்துங்க ஆயிரக்கணக்குல செத்து விழுந்துச்சு, அதுவும் இதே வைரிக்குச் சொந்தக்கார ஜாதிதான்.

உருண்டை கிடைச்சா பிரிச்சு ஒரு போட்டோ அனுப்புங்க, உள்ள குஞ்சுத் தூவி இருந்தா நான் சொன்னது தப்புன்னு ஒத்துக்கறேன். அதுக்கு முன்னாடி இன்னைக்கு சாயந்திரமே கூண்டச் சுத்தி டார்ச் அடிச்சுப் பாத்து, ரெண்டு விரல் போற ஓட்டை இருந்தாலும் கம்பி வலை வெச்சு அடைச்சிருங்க, அடியில மண்ணத் தோண்டி வழி பண்ணிருக்கான்னும் பாருங்க.