கால் தழும்புக்கு என்ன பதில் சொல்வது?

அன்புள்ள அக்கா,

கோவில்பட்டி பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். தங்கைக்கு 23 வயது, பி.எட். படித்துக்கொண்டிருந்தாள். போன ஆவணியில் திடீரென்று தூக்கம் போனது. சுவருக்குள் யாரோ பேசுகிறார்கள் என்றாள். காத்து கருப்பு என்று நினைத்து அப்பா ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனார். ஆறு நாள் காலில் சங்கிலி போட்டு வைத்திருந்தார்கள். வலிப்பு வந்த பிறகுதான் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். முதுகில் நீர் எடுத்துப் பார்த்து என்எம்டிஏ மூளை அழற்சி என்றார்கள். சினைப்பையில் ஒரு கட்டி இருந்தது, அதையும் எடுத்தார்கள். 47 நாள் ஐசியு. வீட்டுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது.

நடக்கிறாள், சாப்பிடுகிறாள். ஆனால் பழைய ஆள் இல்லை. கேட்டதையே திரும்பக் கேட்கிறாள். பார்க்க வருகிறவர்கள் "நான் யாரு தெரியுதா?" என்று கேட்டால் பாதிப் பேரைத்தான் சரியாகச் சொல்கிறாள். "இது என் பிள்ளையே இல்ல" என்று அம்மா அழுகிறார். போன வாரம் கணுக்காலைத் தடவிக்கொண்டே "இது என்னண்ணே தழும்பு?" என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட இடம் என்று சொல்லிவிட்டேன். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அப்படியே மறைத்துவிடலாமா? அவள் எப்போது பழையபடி ஆவாள்?

ச.

---

அன்புள்ள ச.,

தழும்புக்குக் கடைசியில் வருகிறேன். "நான் யாரு தெரியுதா?" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்து தொடங்க வேண்டும்.

என் அண்ணனுக்கு வந்தது வேறு வகை, ஹெர்பிஸ் வைரஸால் வரும் மூளைக்காய்ச்சல். பிழைத்து வீட்டுக்கு வந்தபோது அவருக்கு 34 வயது. ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்த அத்தனை பேரும் கட்டில் பக்கத்தில் நின்று இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். நான் இன்னும் ஒரு படி மேலே போனேன். இன்று என்ன கிழமை, ராத்திரி என்ன சாப்பிட்டாய், பக்கத்து வீட்டுக்காரர் பேர் என்ன என்று தினமும் காலையில் கேட்டு, பத்துக்கு எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதினேன். நல்லது செய்கிறேன் என்று நம்பித்தான் செய்தேன். இரண்டே மாதம். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டாலே அண்ணன் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். அந்த நோட்டைப் பரண்மேல் தூக்கிப் போட்டவர் அம்மாதான். "பரீட்சை வைக்க ஆஸ்பத்திரியில ஆள் இருக்கு. இது வீடு" என்றார்.

தம்பி, உங்கள் வீட்டுப் பரீட்சையை இன்றைக்கே நிறுத்துங்கள். வருகிறவர்கள் உள்ளே நுழையும்போதே தங்கள் பேரையும் உறவையும் சொல்லிக்கொண்டு வரட்டும். "எட்டயபுரம் சித்தி வந்திருக்கேன்டி, பூ வாங்கிட்டு வந்திருக்கேன்." அவ்வளவுதான். அவளுக்கு ஞாபகம் இருந்தால் அவளே மேலே பேசுவாள். இல்லாவிட்டாலும் தோற்றுப்போன மாதிரி தலையைக் குனிய வேண்டியிருக்காது. ஒரு நேரத்துக்கு இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். அவர்கள் இருக்கும்போது டிவியையும் அணைத்துவிடுங்கள். குக்கர் சத்தம், சீரியல், நாலு பேர் பேச்சு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால் காயப்பட்ட மூளை களைத்துப்போகும். அந்தக் களைப்பில்தான் எரிச்சலும் அழுகையும் வரும். வீட்டில் அதைத் திமிர் என்று நினைத்துவிடுவார்கள்.

இந்த நோய் எப்படிப்பட்டது என்று உங்கள் அப்பாவுக்கும் கேட்கும்படி இதை வாசித்துக் காட்டுங்கள். கிருமியைத் தாக்க வேண்டிய எதிர்ப்புப் புரதங்கள், மூளை நரம்புகளுக்கு இடையில் செய்தி கடத்தும் என்எம்டிஏ ஏற்பிகள் மேலேயே போய் ஒட்டிக்கொள்கின்றன. சிலருக்குச் சினைப்பைக் கட்டிதான் காரணம். டெரடோமா என்கிற அந்தக் கட்டிக்குள் முடி, பல், நரம்புத் திசுகூட இருக்கலாம். அந்த நரம்புத் திசுவை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு, மூளையையும் சேர்த்து எதிர்த்துவிடுகிறது. ஜோசப் டால்மாவ் என்ற நரம்பியல் மருத்துவரின் குழு இதைக் கண்டுபிடித்து எழுதியது 2007இல்தான். அதற்கு முன்னால் உலகத்தில் யாருக்கும் இந்த நோயின் பேர் தெரியாது. இன்றைக்கும் நிறையப் பேரை முதலில் மனநல மருத்துவரிடம்தான் கூட்டிப்போகிறார்கள், ஏனென்றால் ஆரம்பம் அப்படித்தான் இருக்கும். சுவருக்குள் கேட்ட குரலை அப்பா பேய் என்று நினைத்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சங்கிலி போட்டவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை, அது வேறு விஷயம்.

எப்போது பழையபடி ஆவாள் என்று கேட்டீர்கள். தேதி யாராலும் சொல்ல முடியாது, ஆனால் ஐந்து மாதம் என்பது ரொம்பக் குறைவு. 2013இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் 577 நோயாளிகளைக் கவனித்தார்கள். சிகிச்சை எடுத்து, இரண்டு வருடம் கழித்தும் கவனிப்பில் இருந்தவர்களில் 100க்கு 80 பேர் போல, தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்கிற நிலைக்கு வந்திருந்தார்கள். ஒன்றரை வருடத்துக்கு அப்புறமும் முன்னேறியவர்கள் உண்டு. நோய் வந்த வரிசையைத் திருப்பிப் போட்ட மாதிரிதான் பெரும்பாலும் குணமாகும். மூச்சு, விழிப்பு, கைகால் அசைவு முதலில் சரியாகும், பிறகு பேச்சு. ஞாபகம், திட்டமிடுவது, எதை எங்கே பேசுவது என்கிற நிதானம் இதெல்லாம் கடைசி. உங்கள் தங்கை இப்போது அந்தக் கடைசி, நீளமான பகுதியில் இருக்கிறாள்.

அதை அருகில் இருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். அண்ணன் காபி போடுவதில் கெட்டிக்காரர். திரும்பி வந்தபின் ஒருநாள் அடுப்படிக்குப் போனார். டிக்காஷன் ஊற்றினார், பால் ஊற்றினார், சர்க்கரையை ஸ்பூனில் அள்ளினார். அப்படியே நின்றுவிட்டார். அடுத்து என்ன என்பது வரவில்லை. நான் ஓடிப்போய் ஸ்பூனை வாங்கப் பார்த்தேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, "டம்ளர்ல போடுப்பா" என்று மட்டும் சொன்னார். போட்டார், ஆற்றினார், எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். மறுநாளும் அதே இடத்தில் நின்றார். அம்மாவும் அதையே சொன்னார். இருபது நாளோ என்னவோ கழித்து, அம்மா சொல்வதற்கு முன்னால் ஸ்பூன் டம்ளருக்குப் போனது. உங்கள் தங்கைக்கும் தினமும் ஒரே நேரத்தில் ஒரே வேலை கொடுங்கள். பூ கட்டுவதோ, உளுந்து பொறுக்குவதோ. அவள் நிற்கும் இடத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள், கையிலிருந்து பிடுங்காதீர்கள்.

மருந்து விஷயத்தில் கறாராகவே சொல்கிறேன். வலிப்பு மாத்திரையையும் ஸ்டீராய்டையும் நரம்பியல் மருத்துவர் சொல்லாமல் ஒருநாள்கூட நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. இந்த நோய் சிலருக்குத் திரும்ப வரும். மறுபடி தூக்கம் போனால், பேச்சு குழம்பினால், வலிப்பு வந்தால் அன்றைக்கே மதுரைக்குப் போங்கள். அடுத்த வயிற்று ஸ்கேன் எப்போது என்று கேட்டுக் குறித்து வையுங்கள்.

அம்மாவிடம் "அப்படிச் சொல்லாதம்மா" என்று கோபப்படாதீர்கள். பெற்ற பிள்ளை கண் முன்னால் இருக்கும்போதே அவளை நினைத்து ஏங்குகிற நிலைமை அவருக்கு. ஆவணியிலிருந்து அவர் ஒரு ராத்திரியாவது முழுசாகத் தூங்கியிருப்பாரா? வாரத்தில் மூன்று ராத்திரி தங்கை பக்கத்தில் நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள். அம்மா வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும்.

இப்போது தழும்பு.

அந்த நாட்கள் அவளுக்குப் பெரும்பாலும் ஞாபகம் வராது. புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் இடத்தையே இந்த நோய் முடக்கிப்போடுவதால், நோயாக இருந்த காலம் பலருக்குத் திரும்புவதே இல்லை. அதனால் மறைத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் உங்கள் ஊரில் அவளைத் தவிர எல்லாருக்கும் அது தெரியும். என்றைக்காவது குழாயடியில் யாராவது சொல்லத்தான் போகிறார்கள். தன் ஞாபகத்தையே நம்ப முடியாமல் இருக்கிற பிள்ளைக்கு நம்ப மிச்சம் இருப்பது உங்கள் வார்த்தை ஒன்றுதான். ஊசி என்று நீங்கள் சொன்னது பொய் என்று தெரிந்தால் அதுவும் போய்விடும்.

அப்பாதான் சொல்ல வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. சொல்லும் முன் அவள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், இப்போது தாங்குவாளா என்று. சரி என்றால், மத்தியானம் அவள் தூங்கி எழுந்து தலை தெளிவாக இருக்கும் நேரமாகப் பாருங்கள். வெளியாள் யாரும் இருக்க வேண்டாம். "உனக்கு என்ன நோயின்னு தெரியல தாயி, பயந்துபோய் ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போனேன், அங்க சங்கிலி போட்டாங்க, நான் தடுக்கல" என்று சொன்னால் போதும். அவள் அழலாம், கோபப்படலாம், ஒன்றுமே சொல்லாமல் டீ கேட்கலாம். நாளைக்கு மறந்துபோய் மறுபடி "இது என்ன தழும்பு?" என்றும் கேட்கலாம். கேட்டால் அப்பா மறுபடியும் அதையே சொல்லட்டும். நீங்கள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள், இந்த முறை அவர் எழுந்து வெளியே போகாதபடி.

அன்புடன்,
அக்கா